வாகனத்தின் மேல் ஆன்டெனா: அதன் அலைச்சிதறலை அளக்கப் புதிதாக இறங்குவோருக்கு

டெல்டா மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டிலோ முதுநிலையிலோ படித்துக்கொண்டு, வாகனக் கூரையில் பொருத்திய ஆன்டெனாவின் மேல் வந்து விழும் மின்காந்த அலை எப்படிச் சிதறுகிறது என்பதைத் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு, பெரிய ஆய்வகம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் இதே வேலையை நான் செய்து முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதில் எட்டு மாதங்கள், வண்டியை ஆன்டெனாவோடு ஒரு முறையும் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு முறையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தே வீணாகிப் போயின. கழித்தால் மிஞ்சியது ஆன்டெனாவின் சிதறல் அல்ல, என் கை நடுக்கம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அது ஏன் என்பதை ஐந்தாம் படியில் கணக்கோடு காட்டியிருக்கிறேன். அவசரம் உள்ளவர்கள் அதையும் இரண்டாம் படியையுமாவது படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. எதை அளக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

ஆன்டெனா ஒரு வெறும் கம்பி அல்ல. அதன் மேல் அலை விழும்போது இரண்டு வழிகளில் சிதறல் உண்டாகிறது. ஒன்று, உலோக உரு என்ற முறையில் அது எதிரொளிப்பது. மற்றொன்று, ஆன்டெனா என்ற முறையில் அலையை உள்வாங்கி, அடிமுனையில் இணைந்துள்ள சுமை (ஆன்டெனாவோடு சேர்ந்த பெட்டி அல்லது மின்தடை) வரை கொண்டுபோய், அந்தச் சுமை ஏற்காமல் திருப்பியனுப்பும் பகுதியை மறுபடி வெளியே கதிர்வீசுவது. முன்னதை அமைப்புச் சிதறல் என்றும் பின்னதை ஆன்டெனாச் சிதறல் என்றும் வழங்குகிறோம். ஆகவே ஒரே வண்டி, ஒரே ஆன்டெனா, ஒரே கோணம் என்றிருந்தும், அடிமுனையில் வயர்லெஸ் பெட்டி இணைந்திருக்கிறதா, இணைப்பு அறுந்து கிடக்கிறதா, குறுக்கே ஷார்ட் ஆகியிருக்கிறதா என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்பதற்கு அரை அலைநீள டைபோல் நல்ல அளவுகோல். அதன் நடுவில் ஷார்ட் செய்தால், நேர்க்கோணத்தில், அதாவது அலை செங்குத்தாக வந்து விழும்போது, அதன் ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பு (எவ்வளவு அலை திரும்புகிறது என்பதைப் பரப்பாகச் சொல்லும் அளவு) அலைநீள வர்க்கத்தின் சுமார் 0.86 மடங்கு வரும். ஆன்டெனாவின் மின்தடங்கலோடு பொருந்தும் பொருத்தச் சுமை போட்டால் அது ஏறத்தாழ 0.21 மடங்காக, அதாவது நான்கில் ஒன்றாகக் குறையும். ஓப்பனாக விட்டால் இரண்டு கால் அலைநீளத் துண்டுகள்தான் மிஞ்சும் என்பதால் சிதறல் மிகவும் சிறுத்துவிடும். பொருத்தச் சுமையிலும் விடை சுழியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்தடங்கல் சரியாகப் பொருந்தினால் ஆன்டெனா மறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வருகிற மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. அமைப்புச் சிதறல் என்பதற்குக் கட்டுரைக்குக் கட்டுரை இலக்கணம் வேறுபடும். சிலர் 50 ஓம் சுமையில் வருவதை அப்படிச் சொல்வார்கள், சிலர் ஆன்டெனாவின் மின்தடங்கலுக்கு இணையியச் சுமை (அதன் சிக்கலெண் இணை) போட்டபோது வருவதைச் சொல்வார்கள், சிலருக்கு அது ஷார்ட் நிலையில் வருவது. நீங்கள் எதை ஏற்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. வாய்மொழித் தேர்வில் அரை மணி நேரம் அதற்கே போயிற்று.

2. அதிர்வெண்ணையும் அளவு விகிதத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

ஆம்புலன்ஸ், ரோந்து வண்டி போன்றவற்றின் கூரையில் காணும் ஒற்றைக் கம்பி பெரும்பாலும் 150 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே அலைநீளம் 2 மீட்டர், கால் அலைநீளக் கம்பி அரை மீட்டர். 4 மீட்டர் நீளமுள்ள வண்டியைத் தொலைப்புலத்தில், அதாவது அலைமுகம் ஏறத்தாழத் தட்டையாகிவிடும் தொலைவில், நிறுத்த வேண்டுமானால், நீள வர்க்கத்தின் இருமடங்கை அலைநீளத்தால் வகுக்கும் வழக்கமான விதிப்படி 16 மீட்டர் இடைவெளி போதும். 450 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் 48 மீட்டர் வேண்டும். 9.4 கிகாஹெர்ட்ஸ் ரேடார் என்றால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். முழு அளவு வண்டியை அளப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை, உங்களுக்கும் ஆகாது. சிறுத்த மாதிரிதான் வழி.

மாதிரியை எத்தனை மடங்கு சிறுக்கிறோமோ, அத்தனை மடங்கு அதிர்வெண்ணை உயர்த்த வேண்டும். பலர் வசதிக்காகப் பத்தில் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் 150 மெகாஹெர்ட்ஸ் 1500 ஆகும், அந்த அதிர்வெண்ணைத் திறந்த வெளியில் உரிமம் இல்லாமல் வீசக்கூடாது. பதினாறில் ஒன்றாக எடுங்கள். 150 மெகாஹெர்ட்ஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆகும். 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை இந்தியாவில் குறிப்பிட்ட திறன் வரம்புக்குள் உரிம விலக்குப் பெற்றது, அளக்கும் கருவி (அலையை அனுப்பி, திரும்புவதை அனுப்பியதோடு ஒப்பிடும் வலையமைப்புப் பகுப்பாய்வி, வி.என்.ஏ.) வீசுவதோ ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே. வண்டி 25 சென்டிமீட்டர் பெட்டியாகிவிடும், ஆன்டெனா 31 மில்லிமீட்டர் கம்பியாகிவிடும், தொலைப்புலம் ஒரு மீட்டரில் தொடங்கிவிடும். ஒரு வகுப்பறைக்குள் முடிந்துபோகும் வேலை இது.

மாதிரியில் கிடைக்கும் பரப்பை முழு அளவுக்கு மாற்ற 16-இன் வர்க்கமான 256-ஆல் பெருக்க வேண்டும், டெசிபலில் சொன்னால் 24 கூட்ட வேண்டும். கடத்துதிறனையும் 16 மடங்கு உயர்த்த வேண்டும் என்று கோட்பாடு சொல்லும். பித்தளை போன்ற நல்ல கடத்திகளுக்கு அந்த வேறுபாட்டை விட்டுவிடலாம்.

3. ஆவணங்களை வேலைக்கு முன்பே தொடங்குங்கள்

மேலே சொன்ன பட்டைக்குள் கூடத்தில் மட்டும் அளப்பவர்களுக்குக் கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதம் போதும். வேறு அதிர்வெண்ணில் திறந்த வெளியில் அளக்க நினைப்பவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவிடம், சரள் சஞ்சார் இணையவாயில் வழியாகப் பரிசோதனை உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அதிர்வெண், திறன், ஆன்டெனாவின் உயரம், அளக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றைத் துல்லியமாகக் கொடுங்கள். விண்ணப்பதாரர் கல்லூரியாக இருக்கட்டும், மாணவராக இருக்க வேண்டாம். நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகும் அது அடுத்தவருக்கு உதவும்.

அளக்கும் கூடத்தை வாடகைக்கு எடுக்க எண்ணினால், சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் போன்ற இடங்களுக்குக் கல்லூரித் தாளில், வழிகாட்டியின் கையொப்பத்தோடு எழுதிக் கொட்டேஷன் கேளுங்கள். கடிதத்தில் மாதிரியின் நீள அகல உயரம், எடை, அதிர்வெண் பட்டை, எத்தனை கோணங்கள், எந்தத் தளவிளைவு (அலையின் மின்புலம் செங்குத்தா கிடையா) என்பவை எல்லாம் இருக்க வேண்டும். மாதிரியின் வரைபடத்தையும் இணையுங்கள். கொட்டேஷனில் உள்ள தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதை நிதிக்குறிப்பில் முதலிலேயே காட்டாவிட்டால், கல்லூரி அலுவலகத்தில் கோப்பு மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விடும்.

எனக்கு நேர்ந்த பெரிய இழப்பும் இந்த இடத்தில்தான். பணம் கட்டி ஓர் ஆய்வகத்தில் அளந்தேன். அவர்கள் கொடுத்த கோப்பில் வீச்சு (அலையின் வலிமை) மட்டும் இருந்தது, கட்டம் (அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) இல்லை. வீச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிதறலிலிருந்து மற்றொன்றைக் கழிக்க முடியாது. கடிதத்தில் நான் கேட்கவில்லை என்பதால் மறுபடி அளக்க மறுபடி கட்டணம் என்றார்கள். ஆகவே உங்கள் கடிதத்தில் இந்த வரி அப்படியே இருக்கட்டும்: "ஒவ்வொரு கோணத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் வீச்சும் கட்டமும் சேர்ந்த சிக்கலெண் தரவு, பின்னணி அளவீட்டோடும் சரிபார்ப்பு உருவின் அளவீட்டோடும், திருத்தப்படாத வடிவில் வேண்டும்."

4. கணினியில் முதலில் கணக்கிட்டு விடையை ஊகித்து வையுங்கள்

இதற்குப் பணம் தேவையில்லை. நெக்-2 என்ற கணக்கீட்டு நிரல் பொதுவுடைமையானது, அதை விண்டோஸில் இயக்க 4நெக்2 இலவசமாகக் கிடைக்கிறது. கால வழிக் கணக்கீடு விரும்புவோருக்கு ஓப்பன்-ஈ.எம்.எஸ். இருக்கிறது.

முதல் நாளில் வண்டியைத் தொடாதீர்கள். தனியாக ஒரு டைபோலை வைத்து, ஷார்ட் நிலையில் 0.86-க்கு அருகில் வருகிறதா, 72 ஓம் சுமையில் 0.21-க்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். அது வராமல் வண்டிக்குப் போவது, அஸ்திவாரம் போடாமல் ஓடு வேய்வது போன்றது.

நெக்-2-இல் உள்ளீட்டுக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் அட்டை என்பார்கள். தள அலையைக் கொடுக்க இ.எக்ஸ். (EX) அட்டையின் முதல் வகையைப் பயன்படுத்த வேண்டும். அப்படிக் கொடுத்தால், திசைதோறும் விடை கேட்கும் ஆர்.பி. (RP) அட்டை தரும் எண், கதிர்வீச்சு ஈட்டம் அல்ல, அலைநீள வர்க்கத்தால் வகுத்த சிதறல் பரப்பு. இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஒரே திசையிலிருந்து அலையை அனுப்பிவிட்டு, எல்லாத் திசைகளுக்கும் ஆர்.பி. அட்டை போட்டு வரும் வரைபடத்தை ரேடாருக்குத் திரும்பும் சிதறல் என்று அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். அது இருதிசைச் சிதறல். ரேடாருக்குத் திரும்பும் சிதறல் வேண்டுமானால், ஒவ்வொரு கோணத்துக்கும் அலை வரும் திசையும் பார்க்கும் திசையும் ஒன்றாக இருக்கும்படி தனித்தனியே ஓட்ட வேண்டும்.

வண்டியின் உடலைக் கம்பி வலையாகக் கட்டும்போது கண்ணி அளவு அலைநீளத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. கம்பியின் சுற்றளவு கண்ணி அளவுக்குச் சமமாக இருக்கட்டும். 150 மெகாஹெர்ட்ஸில் 20 சென்டிமீட்டர் கண்ணிக்கு 3.2 சென்டிமீட்டர் ஆரம் வரும். பார்ப்பதற்குக் குழாய் போலத் தடித்துத் தெரியும், அது தவறல்ல.

முக்கோண வலை பயன்படுத்தும் மென்பொருளுக்குப் போகிறவர்கள் நினைவகத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். வண்டியின் புறப்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் என்று கொள்வோம். 150 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1750 முக்கோணங்கள், 2600 அறியா எண்கள் வரும், அணிக்கு 110 எம்.பி. கூட வேண்டாம். 450-இல் அறியா எண்கள் ஒன்பது மடங்காகும், நினைவகம் 81 மடங்காகி 9 ஜி.பி.யைத் தொடும். 1350 மெகாஹெர்ட்ஸில் அதே கணக்கு 700 ஜி.பி.யைத் தாண்டும். விடுதி அறையில் உள்ள மடிக்கணினி 450-இலேயே மூச்சு வாங்கும். வேக பல்முனை முறை போன்ற சுருக்கு வழிகள் உள்ள மென்பொருள் கிடைக்காவிட்டால், 150 வட்டாரத்தோடு நின்றுவிடுவதே அறிவு.

வலையை ஒரு முறை நுணுக்கி மறுபடி ஓட்டி, விடை அரை டெசிபலுக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே எண்களை நம்புங்கள்.

5. சுமையை மாற்றுங்கள், ஆன்டெனாவைக் கழற்றாதீர்கள்

இந்தக் கட்டுரையில் நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான். வண்டியின் பக்கவாட்டு, மாதிரியில் 25-க்கு 9 சென்டிமீட்டர் தகடு என்று வைத்துக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் நேர்க்கோணத்தில் அதன் பரப்பு சுமார் 0.41 சதுர மீட்டர். கூரைக் கம்பிக்குத் தோராயமாக டைபோல் அளவை எடுத்தால் 0.013 சதுர மீட்டர்தான். புலவலிமையில் உடல் ஐந்தரை மடங்கு பெரியது. இப்போது ஆன்டெனாவைக் கழற்றும்போது பெட்டி ஒரே ஒரு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று கொள்ளுங்கள். அலை போகவர இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு, 125 மில்லிமீட்டர் அலைநீளத்தில் சுமார் 6 டிகிரி கட்ட மாற்றம். அதனால் கழித்தலில் மிஞ்சும் பிழை உடலின் சிதறலில் பத்தில் ஒன்று, அதாவது ஆன்டெனாவின் சிதறலில் பாதிக்கு மேல். எட்டு மாதம் நான் வரைந்து வைத்த வரைபடங்கள் எல்லாம் இந்த ஒரு மில்லிமீட்டரின் வரைபடங்கள்தான்.

பெட்டியைத் தொடாமலேயே அடிமுனைச் சுமையை மட்டும் ஷார்ட், ஓப்பன், 50 ஓம் என்று மாற்றினால் உடலின் சிதறல் மூன்றிலும் இம்மியளவும் மாறாது. கழிக்கும்போது அது முழுவதும் போய்விடும், அறையின் சுவரும் அலமாரியும் சேர்ந்தே போய்விடும். கணக்கும் எளிது. மொத்தச் சிதறல் என்பது 50 ஓம் சுமையில் வரும் சிதறலோடு, ஆன்டெனாப் பங்கை ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டியது. அந்த எண், சுமையின் எதிரொளிப்புக் குணகத்தை (வந்த அலையில் சுமை திருப்பியனுப்பும் பங்கை), ஒன்றிலிருந்து சுமையின் குணகமும் ஆன்டெனாவின் குணகமும் பெருக்கிய தொகையைக் கழித்து வந்ததால் வகுத்தது. ஆன்டெனாவின் குணகத்தைத் தனியே அளந்துவிடலாம். எனவே இரண்டு சுமைகளிலேயே ஆன்டெனாப் பங்கு கிடைத்துவிடும், மூன்றாவது சுமை சரிபார்க்க உதவும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் தவறு உங்கள் சுமைகளில் இருக்கிறது.

பெரும்பாலும் இருக்கும். ஷார்ட்டும் ஓப்பனும் ஒரே தளத்தில் இல்லாததும், இடையில் கேபிள் இருப்பதும்தான் காரணம். சாதாரண டெஃப்லான் கேபிளில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் இந்த அதிர்வெண்ணில் எதிரொளிப்பின் கட்டம் சுமார் 82 டிகிரி சுழலும். இரண்டு சென்டிமீட்டரில் ஷார்ட் ஏறக்குறைய ஓப்பன் ஆகிவிடும். அதனால் சுமைகளை ஆன்டெனாவின் காலடியிலேயே வையுங்கள், அல்லது ஆன்டெனா இணைப்பியின் வாயிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு சுமையின் குணகத்தையும் அளந்து அந்த எண்களைக் கணக்கில் போடுங்கள்.

பெட்டிக்கு வெளியே எந்தக் கம்பியும் வரக்கூடாது. வெளியே வரும் கேபிளின் புற உறையில் மின்னோட்டம் பாய்ந்து அதுவே ஒரு சிதறியாகிவிடும். நான் கடைசியில் செய்தது இது: ஒரு சிறிய மும்முனை அலைச்சுவிட்சும், பத்து விநாடிக்கு ஒரு முறை சுமையை மாற்றும் சில்லும், ஒரு பேட்டரியும் பெட்டிக்குள்ளேயே. மூடியைச் செப்பு நாடாவால் ஒட்டிவிட்டு விலகி வந்துவிடுவேன். கருவி தொடர்ந்து பதிவு செய்துகொண்டே இருக்கும்.

6. மாதிரியைக் கும்பகோணத்தில் செய்துகொள்ளுங்கள்

இந்த வேலைக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. பாத்திரப் பட்டறைகளில் பித்தளைத் தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்துத் தருவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் பித்தளைக்குள் அலை இறங்கும் ஆழம் மூன்று மைக்ரான் கூட இல்லை என்பதால் அரை மில்லிமீட்டர் தகடு தாராளம். எல்லா விளிம்புகளும் முழு நீளத்துக்கும் பற்றவைக்கப்பட வேண்டும், நடுநடுவே புள்ளி வைத்தது போல் விட்டால் இடுக்கு வழியாக அலை உள்ளே நுழையும். வரைபடத்தை மில்லிமீட்டரில் கொடுங்கள், இங்கே ஒரு மில்லிமீட்டர் உண்மை வண்டியில் 16 மில்லிமீட்டர் என்பதையும் சொல்லிவிடுங்கள். "இது யாருக்கு, பேரப்பிள்ளைக்கா?" என்று என்னைக் கேட்ட பட்டறைப் பெரியவர், விளக்கியதும் மூலைமட்டத்தை வைத்து நான்கு மூலையையும் மூன்று முறை சரிபார்த்தே கொடுத்தார்.

தை மாத முகூர்த்தங்களுக்கு முன்னால் பட்டறைகளில் சீர்வரிசை வேலை குவிந்துவிடும். ஐப்பசிக்குள் கொடுத்துவிட்டால் மூன்று வாரத்தில் கைக்கு வரும்.

மூடிய பெட்டி உண்மை வண்டி அல்ல, வண்டிக்குக் கண்ணாடிச் சன்னல்கள் உண்டு, அவற்றின் வழியே அலை உள்ளே போய் வரும். முதல் மாதிரி மூடியதாகவே இருக்கட்டும், கணக்கீட்டோடு ஒத்துப்போன பிறகு சன்னல்களை வெட்டுங்கள்.

கூரையின் நடுவில் ஒன்று, பின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டரில் ஒன்று என இரண்டு துளைகள் போடச் சொல்லுங்கள், பயன்படாத துளையைச் செப்பு நாடாவால் மூடலாம். இடம் மாறும்போது சிதறல் எவ்வளவு மாறுகிறது என்பது அறிக்கையில் ஒரு தனி அத்தியாயத்துக்குப் போதும். கம்பியை 31 மில்லிமீட்டருக்கு வெட்டி, கருவியில் பார்த்தபடியே அரத்தால் தேய்த்துச் சுருக்குங்கள். எனக்கு 29.5-இல் ஒத்திசைந்தது.

7. அளவீட்டு அமைப்பு

அனுப்ப ஒன்றும் வாங்க ஒன்றுமாக இரண்டு தகர டப்பா ஆன்டெனாக்களை நீங்களே செய்துகொள்ளலாம். டப்பாவின் விட்டம் 7.5 சென்டிமீட்டருக்கு மேலும் 9.2-க்குள்ளும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உள்ளே ஓடவே ஓடாது, மேலே போனால் வேண்டாத இரண்டாவது அலைவகையும் சேர்ந்து ஓடும். கம்பி செங்குத்தாக நிற்பதால் இரண்டு டப்பாக்களின் ஊசிகளும் செங்குத்தாக இருக்கட்டும்.

மாதிரியை 2 மீட்டர் தள்ளித் தெர்மகோல் தூணின் மேல் வையுங்கள். மர மேசை கூடாது. எட்டு டெசிபல் ஈட்டமுள்ள டப்பாக்களோடு, ஆன்டெனாவின் பங்கு கருவிக்குச் சுமார் −66 டெசிபலாக வந்து சேரும். டப்பாவுக்கு டப்பா நேரடியாகக் கசிவது அதைவிட வலிமையாகவே இருக்கும். அது பயமுறுத்தக்கூடாது, சுமை மாற்றும் முறையில் அதுவும் கழிந்துவிடும். கருவியின் இரைச்சல் தளம் −80-க்குக் கீழே இருந்தால் போதும், அலைவரிசை வடிகட்டியைக் குறுக்கிச் சராசரி எடுத்தால் சிறிய கைக்கருவியிலும் கிடைக்கும்.

"நேர வடிகட்டல் போட்டு, தாமதமாக வரும் சுவரின் எதிரொளிப்பை நீக்கிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். 83.5 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தூரத்தைப் பிரித்தறியும் திறன் 1.8 மீட்டர். வகுப்பறையில் அது எதற்கும் உதவாது.

அளக்கும்போது கூடத்தின் வை-ஃபை நிலையமும் எல்லோருடைய கைபேசியும் அணைந்திருக்க வேண்டும். மின்விசிறியும்தான். சுழலும் உலோக இறக்கை ஒவ்வொரு விநாடியும் பின்னணியை மாற்றிக்கொண்டே இருக்கும். மார்கழி இரவில் அளந்தால் வியர்வையும் இல்லை, விசிறியும் தேவையில்லை.

சரிபார்ப்பு உருவாக, அதாவது பரப்பு கணக்கால் முன்பே தெரிந்த பொருளாக, 20 சென்டிமீட்டர் சதுரத் தகடு வைத்துக்கொள்ளுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் நேர்க்கோணப் பரப்பு 1.29 சதுர மீட்டர். இரண்டு டிகிரி சாய்ந்தாலும் 0.2 டெசிபல்தான் குறையும். உலோகக் கோளம் வைப்பவர்கள் ஆர வர்க்கத்தை π-ஆல் பெருக்கிய எளிய விடையை எழுதிவிடாதீர்கள். 10 சென்டிமீட்டர் ஆரக் கோளம் இந்த அதிர்வெண்ணில் இன்னும் ஒத்திசைவு வட்டாரத்தில்தான் இருக்கிறது, அதற்கு மீ (Mie) தொடரின், அதாவது கோளச் சிதறலுக்கான துல்லியமான சூத்திரத்தின், விடையை எடுக்க வேண்டும்.

8. வயலில் முழு அளவு வண்டியை அளந்தே தீருவேன் என்பவர்களுக்கு

மூன்றாம் படியில் சொன்ன உரிமம் கையில் இருந்தால் செய்யலாம். காலம் பார்த்துச் செய்யுங்கள். குறுவையும் சம்பாவும் நிற்கும்போது வயல் முழுவதும் தண்ணீர். அது கண்ணாடி போல் அலையைத் திருப்பும், மட்டம் ஓர் அங்குலம் மாறினாலும் விடை மாறும். தையில் அறுவடை முடிந்ததும் வயல் காலியாகிவிடும் என்று நானும் எண்ணினேன். அதற்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள் என்பது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகே நினைவுக்கு வந்தது. உளுந்து பறித்த பிறகு சித்திரையிலும் வைகாசியிலும்தான் தரை உண்மையாகவே காய்ந்து, வெறுமையாக, நாளுக்கு நாள் மாறாமல் இருக்கும். மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, அதற்கு முன்பே மூட்டை கட்டிவிடுங்கள். ஒரு கோடை மழை பெய்தால் மண் காய மூன்று நாளாவது காத்திருங்கள்.

நெல் காயப்போடும் களம் சமதளமாக இருக்கிறதே என்று தோன்றும். காங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கக்கூடும், அறுவடைக் காலத்தில் இடமும் கிடைக்காது. மின்கம்பியிலிருந்தும் தென்னை வரிசையிலிருந்தும் குறைந்தது 50 மீட்டர் விலகிய இடமாகப் பாருங்கள். நிலத்துக்காரரின் எழுத்து ஒப்புதலும், வண்டியின் பதிவுச் சான்று நகலும், உரிமையாளர் கடிதமும் கையில் இருக்கட்டும். இரவல் வண்டியின் கூரையில் துளை போடாதீர்கள், காந்த அடித்தளம் போதும். ஆனால் அதன் கேபிள் சன்னல் வழியே உள்ளே போகும் பாதையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நாடா போட்டு ஒட்டுங்கள்.

9. செலவும் காலமும்

நான் கொடுத்த விலைகள் இவை. 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் கைக்கருவி 13,000 ரூபாய், பித்தளை மாதிரி கூலியோடு 2,800, சுவிட்சுப் பலகை 1,500, கேபிளும் இணைப்பிகளும் 3,000, டப்பா ஆன்டெனாக்கள் 600, தெர்மகோலும் செப்பு நாடாவும் 200. மொத்தம் 21,100 ரூபாய். கருவியைக் கல்லூரி வாங்கிக் கொடுத்தால் உங்கள் கைச்செலவு 8,100 ரூபாய்தான். இணைப்பிகளில் மலிவானதை வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கியவை பத்து முறை திருகியதும் தளர்ந்து, தளர்ச்சியே கட்டப் பிழையாக வந்தது. இரண்டாம் முறை வாங்கியதையும் சேர்த்தே 3,000 என்று எழுதியிருக்கிறேன்.

ஆடியில் தொடங்கினால் ஆவணிக்குள் டைபோல் கணக்கும், புரட்டாசிக்குள் வண்டிக் கணக்கும் முடியும். ஐப்பசியில் பட்டறை. கார்த்திகையில் சுவிட்சும் சுமைகளும். வடகிழக்கு மழையில் மின்தடை வரும் என்பதால் கருவிக்கும் கணினிக்கும் பேட்டரி ஏற்பாடு தேவை. மார்கழி விடுமுறையில் அளவீடு, காலியான வகுப்பறை அப்போதுதான் கிடைக்கும். வெளி ஆய்வகம் வேண்டுமானால் அதற்கான கடிதத்தைப் புரட்டாசியிலேயே அனுப்பிவிட்டு, மாசியில் நாள் கேளுங்கள். அங்கே போகும்போது உங்கள் 20 சென்டிமீட்டர் தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் சரிபார்ப்பு உருவை அளந்த கையோடு உங்களுடையதையும் ஒரு முறை வைத்து அளக்கச் சொல்லி, அந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுங்கள்.